வேறொரு வானின் முன்கால்

1. வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வெள்ளை வான் ஒன்று எங்கள் கராஜுக்கு வந்தது. பிறேக் பிடித்தால் முன்பக்கத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம்.
2. முன்சில்லுகளைக் கழற்றினோம். இரண்டு பக்கமும் பிறேக் பாட் தேய்ந்து முடிந்து தகடு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தத் தகடு உரசி டிஸ்க்குகளிலும் வரி வரியாகக் கோடு விழுந்திருந்தது.
3. வான்காரர் ஒறிஜினல் சாமான்தான் வேண்டும் என்றார். நானும் அதையே சொன்னேன்.
4. வானின் தகட்டில் அடித்திருந்த செஸி நம்பரைப் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். பழைய பாட்டையும் டிஸ்க்கையும் அளக்கவில்லை.
5. சனிக்கிழமை காலை சாமான் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பெட்டி சரி, முத்திரை சரி, இலக்கமும் சரி.
6. பொருந்தவில்லை.

நான்காவதில் உள்ள இரண்டாவது வசனம் அன்றைய வேலைத் தாளில் இல்லை. அதைப் பிறகுதான் என் கையால் சேர்த்தேன்.

உட்துறைமுக வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் கராஜ் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படித்துவிட்டு அங்கே சேர்ந்து அப்போது இரண்டாவது வருடம். பழுதைப் பார்த்து எழுதுவது, சாமான் தருவிப்பது, வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பது என் வேலை. கழற்றிப் பூட்டுவது பாஸின் வேலை; கைதேர்ந்த மெக்கானிக்கை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம், முதலாளி வேறு ஆள். அவர் கப்பல்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். ஒரு போல்ட்டைத் தொட்டுப் பார்த்தே அது எத்தனையாம் நம்பர் ஸ்பானர் கேட்கும் என்று சொல்லிவிடுவார். நான் அதை ஸ்பானரால் உறுதி செய்துவிட்டுத்தான் நம்புவேன். இதனால் எங்களுக்குள் தினமும் கதை நடக்கும். சண்டை என்று சொல்ல முடியாது.

நான் சேர்வதற்கு முன் அங்கே சாமான் வாங்கும் முறை ஒன்றே ஒன்றுதான். கழற்றிய பழைய சாமானைக் கடதாசியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் புதியதை எடுத்துப் பழையதன் மேல் வைத்து ஓரம் பார்ப்பார். ஒத்துப்போனால் அதுதான். ஊர் முழுக்க இதற்குப் பெயர் சாம்பிள். பழையதைப் பிறகு ஒரு பையில் போட்டு வாகனக்காரரின் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மாற்றவே இல்லை என்று நினைப்பார்கள்.

சாம்பிளை நான் நிறுத்தினேன். தேய்ந்து உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒன்றைப் புதியதோடு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. என் மேசைக்கு மேலே ஒரு அறிவித்தல் ஒட்டினேன்: "சாம்பிள் தேவையில்லை. செஸி நம்பர் போதும்." முதலாளிக்கும் அது பிடித்திருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு பிழையும் வரவில்லை.

அந்த வியாழனும் பாஸ் சொன்னார்: "பிள்ளை, இந்தப் பாட்டைக் கையில எடுத்துக்கொண்டு கடைக்குப் போனா பத்து நிமிசத்தில கதை முடியும்."

"சாம்பிள் கண்ணுக்குத்தான் பாஸ் ஒத்துப்போகும். வாகனத்துக்கு ஒத்துப்போறது நம்பர்."

"ஓம் ஓம். நாளைக்கு உங்களைப் பொம்பிளை பாக்க வந்தாலும் மாப்பிள்ளையிட செஸி நம்பரைத்தான் கேப்பீங்க போல."

"கேப்பன். முன்னுக்கு அடிபட்டதோ எண்டும் கேப்பன்."

வான்காரர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் கிண்ணியாக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். விடியற்காலையில் கிண்ணியாவிலிருந்து புறப்பட்டு, டவுனில் ஆறு ஆசிரியைகளை ஏற்றி, நிலாவெளி, குச்சவெளி தாண்டித் திரியாய்ப் பக்கம் உள்ள ஒரு பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவார். பின்னேரம் திரும்பக் கூட்டிவருவார். நிரந்தரமான ஓட்டம் என்று அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். அதே வீதியில் புதிதாக ஒருவர் ஏசி வான் ஓடத் தொடங்கியிருந்தார். இரண்டு ஆசிரியைகள் அதைப் பற்றி நானாவின் வானுக்குள்ளேயே வைத்துக் கதைத்தார்களாம். நானா முகக்கண்ணாடியில் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாராம்.

"திங்கள் நான் போகாட்டி அவர் போவாரு. ஒருக்கா அந்தக் குளிர்ல இருந்திட்டா புறகு இங்க வருவாங்களா தங்கச்சி?" என்று கேட்டார். வியாழன் பின்னேரமும் வெள்ளியும் நண்பர் ஒருவரின் வானை இரவல் வாங்கிச் சமாளித்துவிடலாம். திங்களுக்கு அது கிடையாது.

அப்படி இருந்தும் ஒறிஜினல்தான் என்றார். "வெலயப் பத்திக் கதைக்காதீங்க. உள்ளுக்க இருக்கிறது ஆறு வீட்டு உம்மாமார். என்ட வான்ல டூப்ளிக்கேட் ஒண்டும் ஏறினதில்ல. எட்டு வருசமா எல்லாருக்கும் அதத்தான் சொல்லுறன்."

இந்தச் சொல்லில் எனக்கு எப்போதும் ஒரு தடங்கல் உண்டு. வாகனக் கம்பனியின் பெட்டியில் வருவது ஒறிஜினல். வேறொரு கம்பனி அதே வாகனத்துக்கென்று செய்து தன் சொந்தப் பெயரில் விற்பது மாற்றுச் சாமான். ஒறிஜினலின் பெயரைத் திருடிப் போட்டு யாரோ செய்வது போலி. எங்கள் ஊரில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே பைக்குள் போட்டு டூப்ளிக்கேட் என்று விடுவார்கள். அன்றைக்கு நான் அதை விளக்கவில்லை. முதலாவதைத்தானே கேட்கிறார், விளக்கம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சனி காலை பெட்டிகளை மேசையில் அடுக்கினேன். பாட் பெட்டி ஒன்று, டிஸ்க் பெட்டி இரண்டு. ஒரு டிஸ்க் பெட்டியை மட்டும் பிரித்தேன். பாஸ் அந்த டிஸ்க்கை எடுத்துச் சில்லு பூட்டும் இடத்தில் வைத்தார். அது அழகாகப் போய் உட்கார்ந்தது. பிறகு டிஸ்க்கை இரண்டு பக்கமும் பிடித்து இறுக்குகிற கலிப்பரை அதன் மேல் வைத்தார். டிஸ்க்கின் விளிம்பு அதற்கு எட்டவில்லை. விரல் நுழையும் அளவுக்கு வெறும் இடைவெளி. நான் அளவுகோலை எடுத்துப் பழைய டிஸ்க்கையும் புதியதையும் அளந்தேன். புதியது விட்டத்தில் இருபது மில்லிமீற்றர் சிறியது.

பாஸ் கலிப்பரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்த் தேநீர் ஊற்றினார். எனக்கும் ஒன்று ஊற்றி வைத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மதியம் நானா வந்தார். கராஜுக்கென்று ஒரு சட்டி தயிர் கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர், வான் சில்லில்லாமல் நிற்பதைக் கண்டதும் தயிரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். நான் அதை வாங்கி என் மேசையில் வைத்தேன்.

"நானா, இந்த வான்ல முன்பக்கம் ஏதாவது பெரிய வேலை செய்தனீங்களா?"

"நான் எடுத்த நாள்ல இருந்து பாட் மட்டுந்தான் மாத்தினன். எல்லாம் கெடக்கு, பாருங்க."

பின் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். எட்டு வருடத்தில் ஒவ்வொரு கராஜும் பையில் போட்டுக் கையில் கொடுத்த பழைய சாமான்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒன்றையும் அவர் எறியவில்லை. ஆசிரியைகள் யாராவது கேட்டால் காட்டுவதற்காம். நாலு சோடி பிறேக் பாட் இருந்தது. வியாழன் கழற்றிய சோடியில் இலக்கம் துருவில் கரைந்து போயிருந்தது. டின்னுக்குள் கிடந்ததில் ஒன்று, அவர் வான் வாங்கிய வருடத்தில் மாற்றியது, எண்ணெய்க் கடதாசியில் சுற்றப்பட்டிருந்தது. அதன் முதுகில் இலக்கம் தெளிவாக இருந்தது.

அந்த இலக்கத்தைப் போனில் தேடிப் பார்த்தேன். அது இந்த வானுக்குரிய இலக்கம் அல்ல. அதே கம்பனியின் நீளமான, பாரம் கூடுதலாக ஏற்றுகிற வானுக்குரியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நானா வாங்குவதற்கு முன்னரே யாரோ முன்பக்கத்தை முழுதாகக் கழற்றி, உடைத்து விற்ற பெரிய வான் ஒன்றின் முன்கால் இரண்டையும், அதாவது சில்லையும் பிறேக்கையும் தாங்குகிற பகுதியை, இதில் பூட்டியிருக்கிறார்கள். சாமான் வராத காலங்களில் எங்கள் பக்கத்தில் இப்படி நடந்தது எனக்குத் தெரியாத விடயம் அல்ல. கிடைத்ததைப் பூட்டித்தான் ஓடினார்கள். எட்டு வருடமும் கடைக்குச் சாம்பிள் போனதால், பூட்டியிருந்த காலுக்குச் சரியான பாட்டே ஒவ்வொரு முறையும் வந்தது. யாருக்கும் தெரியவரவில்லை. நான் வானைக் கேட்கவில்லை, அதன் செஸி நம்பர்த் தகட்டைக் கேட்டேன். தகடு தன்னைப் பற்றி மட்டும் சொன்னது.

நானாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சுற்றி வளைத்தால் இன்னும் நோகும் என்று பட்டது. இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டின்னில் இருந்த பாட்டைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அவர் இரண்டு டிஸ்க்கின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "தம்பலகாமத்தில ஒருத்தர்ட்ட எடுத்தது. வயலுக்கு உரம் ஏத்தின வான், ஒரு நட்டுக்கூடக் கழட்டல்ல எண்டு சொன்னாரு" என்றார். கதவின் மேல் கையை வைத்தார். தினமும் அவர் கழுவித் துடைக்கிற கதவு. "எட்டு வருசம் எல்லாருக்கும் ஒறிஜினல், ஒறிஜினல் எண்டு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சனே. பொய்தானே சொல்லியிருக்கன்."

"தெரியாமச் சொன்னது பொய் இல்ல நானா" என்றார் பாஸ். "எங்கட பிள்ளை நேற்றுவரைக்கும் இது சின்ன வான் எண்டு எழுதி வச்சிருந்தது."

நானா சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்து, "கெட்டதா தங்கச்சி அது?" என்று கேட்டார்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வானுக்கு அடியில் இறங்கினேன். பார்த்தவை: ஒட்டு வைத்த இடம் ஏதும் உண்டா, இரண்டு பக்கமும் ஒரே வகையா, போல்ட்டுகள் சரியான நீளமா, பிறேக் குழாய்கள் இழுபடுகின்றனவா, சில்லைத் திருப்பினால் எங்காவது தட்டுகிறதா. ஐந்தும் நல்லபடியாக இருந்தன. பூட்டியவர் யாரென்று தெரியாது, ஆனால் பொறுப்பாகப் பூட்டியிருந்தார்.

நான் வெளியே வரும்போது நானாவின் போன் அடித்தது. அந்த ஆறு ஆசிரியைகளில் மூத்த ரீச்சர். நானா ஸ்பீக்கரில் போட்டார்.

"நானா, திங்கள் வாறீங்களோ இல்லையோ? இல்லையெண்டா ஆறு மணிக்கு முதல் மற்ற வானுக்குச் சொல்லோணும். பிள்ளையளுக்குப் பரீட்சை, நாங்கள் பிந்தேலாது."

நானா போனை என் பக்கம் நீட்டினார். "கராஜ் தங்கச்சிட்டக் கேளுங்க ரீச்சர்."

"இப்ப தெரியாது ரீச்சர். ஆறு மணிக்கு முதல் சொல்றன்."

"என்ன பிள்ளை, எங்கட பிள்ளையள்கூடத் தெரியாட்டி பரீட்சையில ஏதாவது எழுதிப்போடுவினம்."

"நான் அப்பிடி எழுதேலாது ரீச்சர்."

மணி இரண்டரை. பெரிய வானுக்குரிய ஒறிஜினல் டிஸ்க்கைக் கொழும்பிலிருந்து தருவிக்கச் செவ்வாய் ஆகும். பழைய டிஸ்க்கைத் தடிப்பு அளந்தேன். இருபத்து நான்கரை மில்லிமீற்றர். ஆகக் குறைந்தது இருபத்து மூன்று இருக்க வேண்டும் என்று அதன் விளிம்பிலேயே வெட்டப்பட்டிருந்தது. கோடு விழுந்த முகத்தை லேத்தில் கடைந்து எடுத்தாலும் எல்லைக்குள் நிற்கும். பாஸ் இரண்டையும் சாக்கில் சுற்றிக்கொண்டு சீனன்குடாப் பக்கம் உள்ள லேத் பட்டறைக்குப் பறந்தார். சனிக்கிழமை, அவர்கள் மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நானும் நானாவும் பாட் தேடி டவுனில் உள்ள உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். என் கையில், கடதாசியில் சுற்றிய சாம்பிள் இருந்தது.

கடைக்காரர் என்னைக் கண்டதும், "ஆ, செஸி நம்பர் மிஸ்! இண்டைக்குப் பார்சலோட வாறீங்க" என்றார். சாம்பிளை வாங்கி மூன்று பெட்டி எடுத்து வைத்தார். ஒன்று வாகனக் கம்பனியின் பெயர் போட்டது. ஒன்று வேறு கம்பனியின் பெயர் போட்டது. மூன்றாவதில் பெயரே இல்லை.

நானாவின் கை நேராக முதலாவதுக்குப் போனது. "இந்தா, ஒறிஜினல் இருக்கே!"

அதைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் இருந்த இலக்கம் பாட்டின் முதுகில் எங்கும் இல்லை. பெருவிரலால் தேய்த்தபோது பெட்டியின் எழுத்து மையாக ஒட்டியது. நாலு பாட்டில் ஒன்றின் தகடு மற்றவற்றைவிட மெல்லியது. இரண்டாவது பெட்டியில் நாலும் ஒரே தடிப்பு. ஒவ்வொன்றிலும் இலக்கமும் தயாரித்த தொகுதியும் அடித்திருந்தது. தேய்ந்தால் சத்தம் போடுகிற சிறு தகடும் இருந்தது.

"இது ஒறிஜினலா அண்ணன்?" என்று கடைக்காரரிடம் முதலாவதைக் காட்டிக் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வந்த மாதிரியே வச்சிருக்கன். அந்தப் பேரைச் சொல்லித்தான் எனக்குத் தந்தவன். நான் சத்தியம் பண்ண மாட்டன்."

கடையில் வைத்தே நானாவிடம் சொன்னேன்: "முதலாவது போலி எண்டு நிரூபிக்க என்னால ஏலாது. ஒறிஜினல் எண்டும் சொல்ல ஏலாது. இரண்டாவது ஒறிஜினல் இல்ல. ஆனா அது தன்னை ஒறிஜினல் எண்டு சொல்லவும் இல்ல."

"நீங்களே ஒண்டச் சொல்லுங்க தங்கச்சி."

"நான் சொன்னதை வியாழக்கிழமை கேட்டுத்தான் நானா இண்டைக்கு இங்க நிக்கிறீங்க."

அப்போதுதான் அவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். இரண்டாவது பெட்டியை எடுத்துச் சட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நாலரைக்குப் பூட்டி முடிந்தது. புதிய பாட் கடைந்த டிஸ்க்கோடு பழகுவதற்கு மெதுவாகப் பத்துத் தடவை பிறேக் பிடித்து விட வேண்டும். நானா ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன், பாஸ் பின்னால் ரீச்சர்மாரின் இடத்தில் இருந்தார். "நானா, மெதுவா. எனக்குப் பேப்பர் திருத்தக் கிடக்கு" என்றார் பாஸ். பிறகு உவர்மலை இறக்கத்தில் மூன்று தடவை. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. சத்தம் இல்லை. திரும்பி வரும்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டவுனில் அலைகிற மான்கள் வழமைபோல வீதியை மறித்து நின்றன. நானா பிறேக்கை மிதித்தார். வான் நாங்கள் எதிர்பார்த்ததற்கு முன்னரே நின்றது. மான்கள் அவசரப்படவில்லை.

கராஜுக்கு வந்து சில்லுகளின் சூட்டைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு. ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரீச்சருக்குப் போன் எடுத்தோம்.

"ரீச்சர், வான் சரி. திங்கள் வரும்."

"இப்ப தெரியுமோ?"

"ஓம், தெரியும்."

"ஒறிஜினல்தானே போட்டது? நானா அதுக்குக் குறைய ஒண்டும் போடமாட்டாரே."

நான் நானாவைப் பார்த்தேன். பதில் என்னுடையது அல்ல. ஓம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் ஓட்டம் அவர் கையில் நிற்கும். பாஸ் ஸ்பானரைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

நானா போனுக்குக் கிட்டக் குனிந்தார். "இல்ல ரீச்சர். வேற கம்பனிச் சாமான். அதுமட்டுமில்ல, என்ட வானே முழுசா ஒறிஜினல் இல்ல. முன்பக்கம் வேறொரு வான்ட. இண்டைக்குத்தான் எனக்கே தெரிஞ்ச. உங்களுக்கு நான் இவ்வளவு நாளும் பிழையாச் சொல்லிட்டன்."

மறுபக்கம் யாரோ ரீச்சரிடம் என்ன, என்ன என்று கேட்பது கேட்டது.

"பிறேக் பிடிக்குதோ நானா?"

"பிடிக்குது ரீச்சர். முந்தினத்த விட நல்லாப் பிடிக்குது."

"அந்தத் தெரியாது எண்டு சொன்ன பிள்ளை பாத்ததோ?"

"அளந்து, எழுதி, மூணு தரம் மலையில இறக்கிப் பாத்த."

"அப்ப திங்கள் விடிய ஆறு மணிக்கு வாங்கோ. அஞ்சே முக்காலுக்கு வந்து நிண்டு ஹோன் அடிக்காதேங்கோ."

நானா போனை வைத்துவிட்டுத் தயிரை ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்டார். பாஸ் கரண்டி தேடினார்.

இப்போதைய நிலை இது. வான் திரியாய்க்குப் போய்வருகிறது. ஆறு பேரில் ஒருவர் ஏசி வானுக்கு மாறிவிட்டார், ஐந்து பேர் நானாவோடு இருக்கிறார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாட்டின் தடிப்பை அளக்கிறேன். நேற்று ஏழு மில்லிமீற்றர் இருந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்கிறது. பெரிய வானுக்குரிய ஒறிஜினல் டிஸ்க்குக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், கொழும்பில் இருப்பு முடிந்துவிட்டதாம், இன்னும் வரவில்லை. பிழையாக வந்ததில் பிரிக்காத இரண்டு பெட்டியையும் கொழும்பு திருப்பி எடுத்தது. பிரித்த டிஸ்க்கை முதலாளி என் மேசையில் வைத்தார், அது என் தாள்களின் மேல் பாரமாக இருக்கிறது. சுவரில் அறிவித்தலை மாற்றியிருக்கிறேன்: "செஸி நம்பரும் பழைய சாமானும் இரண்டும் தேவை."